முப்பது ஃபைல் திறந்திருக்கும்போது: டேப், பட்டியல், தேடல் – எதை வைத்துக்கொள்வது?

கோட் எழுதினாலும் சரி, புத்தகம் எழுதினாலும் சரி, வேலை சூடு பிடித்த பிறகு எடிட்டரில் இருபது முப்பது ஃபைல் திறந்து கிடக்கும். அடுத்து வேண்டியது எதுவோ அதை எட்ட எடிட்டர்கள் பல வழிகள் தருகின்றன. மேலே டேப் வரிசை, பக்கத்தில் பட்டியல், பெயரைத் தட்டித் தேடும் பெட்டி, கடைசியாகப் பார்த்தவற்றின் வரிசை, திரையைப் பிரித்து வைத்துக்கொள்வது என்று. இன்ஸ்டால் செய்தபோது எது இருந்ததோ அதையே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்கிற காரியம் இது. ஒருமுறை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். வசதிகளை எண்ணிப் பார்ப்பதைவிட, நாம் ஒரு ஃபைலை எப்படி நினைவில் வைக்கிறோம் என்று பார்ப்பது பயன்படும். ஒன்று, அது எங்கே இருந்தது என்ற நினைவு. இரண்டு, அதன் பெயர். மூன்று, எப்போது பார்த்தோம் என்பது, அதாவது 'சற்று முன்னால் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேனே, அது' என்ற நினைவு. மேலே சொன்ன ஒவ்வொரு வழியும் இந்த மூன்றில் ஒன்றை நம்பி நிற்கிறது. நம்பிய நினைவு நம்மிடம் இருந்தால் வழி சுகமாக இருக்கும். இல்லாவிட்டால் எரிச்சல்தான்.

டேப்

டேப் இடத்தை நம்புகிறது. ஐந்தாறு ஃபைல் வரைக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. எது திறந்திருக்கிறது, எது இன்னும் சேவ் ஆகவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். புதிதாக வருபவருக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருக்கும் இடத்துக்குப் பார்க்காமலே கை போகிறதல்லவா, அந்த மாதிரிப் பழக்கம் டேப்பிலும் வரும். ஆனால் அஞ்சறைப்பெட்டியில் அறைகள் கொஞ்சம்தான், அவை இடம் மாறுவதும் இல்லை. டேப் வரிசையில் இந்த இரண்டுமே நிலைப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டரில் புது ஃபைல் திறந்தால், இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் டேப்புக்கு வலப்பக்கம் வந்து நுழையும். அதற்கு அப்பால் இருந்தவை எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். நடுவில் ஒன்றை மூடினால் மறுபடியும் எல்லாம் நகரும். கை பழகிய இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கும்.

இடமும் போதாது. நம்மில் பலர் இன்னும் வைத்திருக்கும் 1366 பிக்சல் அகல லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கப் பட்டையும் ஃபோல்டர் மரமும் சுமார் 300 பிக்சலை எடுத்துக்கொண்டால் மீதி ஆயிரத்துச் சொச்சம். ஐகான், பெயர், மூடும் குறி எல்லாம் சேர்ந்து ஒரு டேப்புக்கு 140 பிக்சல் என்று வைத்தால், ஏழு டேப்போடு வரிசை முடிந்துவிடுகிறது. 1920 பிக்சல் திரையிலும் பதினொன்று, பன்னிரண்டுதான். எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்க வேண்டிய கண் என்றால் இன்னும் குறையும்.

அதற்கு மேல் போனால் எடிட்டர் மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும். டேப்பைச் சுருக்கலாம், பெயர் பாதியில் வெட்டுப்படும். வரிசையை நகர்த்தலாம், ஓரத்தில் இருப்பவை கண்ணில் படாமல் போகும். இரண்டு மூன்று வரியாக மடிக்கலாம், கோட் தெரிகிற உயரம் குறையும். விஎஸ் கோடில் மூன்றையும் செட்டிங்கில் தேர்ந்தெடுக்கலாம். நோட்பேட்++இல் பல வரி டேப் வெகு காலமாக இருக்கிறது. மூன்றில் மடிப்பதுதான் எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது, பெயராவது முழுசாகத் தெரிகிறது. சுருக்குவது மோசமானது. குறி சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் கை அதை எட்ட அதிக நேரம் ஆகும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே அளந்து காட்டினார். சுருங்கிய டேப்பில் அந்தக் குறியும் சிறிது, அதன் மேல் எழுதியிருப்பதும் படிக்க முடியாதது.

அப்புறம் ஒரே பெயர்த் தொல்லை. பைதானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஒரு ஆப் (ப்ராஜெக்டின் ஒரு பகுதி) உருவாக்கினால் மாடல்ஸ், வியூஸ், அட்மின், டெஸ்ட்ஸ் என்ற பெயர்களில் ஃபைல்கள் தானே வந்துவிடும். ஐந்து ஆப் இருக்கிற ப்ராஜெக்டில் ஐந்து மாடல்ஸ், ஐந்து வியூஸ். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போனால் ஃபோல்டருக்கு ஒரு இண்டெக்ஸ் ஃபைல். விஎஸ் கோட் இந்த மாதிரி நேரத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஃபோல்டர் பெயரை மங்கலாகக் காட்டும். நல்ல உதவிதான், ஆனால் டேப்பின் அகலம் கூடிவிடும், ஏழு ஐந்தாகிவிடும்.

விஎஸ் கோட் 2015 ஏப்ரலில் முதன்முதலில் வெளிவந்தபோது அதில் டேப்பே கிடையாது. பக்கத்தில் 'வொர்க்கிங் ஃபைல்ஸ்' என்று ஒரு பட்டியல் மட்டும் இருந்தது. டேப் வேண்டும் என்று பயன்படுத்தியவர்கள் விடாமல் கேட்டார்கள். 2016-இல் 1.3 பதிப்பில் டேப் வந்தது. பழைய பட்டியல் 'ஓப்பன் எடிட்டர்ஸ்' என்று பெயர் மாறி அங்கேயே தங்கியது. கேட்டவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். எதெல்லாம் கையில் இருக்கிறது என்று எப்போதும் கண் முன் தெரிவதில் ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதி ஏழெட்டு ஃபைலுக்கு மேல் நீடிக்காது என்பதுதான் என் வாதம்.

டேப்போடு வந்த ப்ரிவ்யூ வசதி அதைவிட முக்கியமானது. ஃபோல்டர் மரத்தில் ஒரு ஃபைலை ஒருமுறை கிளிக் செய்தால் பெயர் சாய்ந்த எழுத்தில் திறக்கும். அதில் எதையும் திருத்தாமல் அடுத்ததைக் கிளிக் செய்தால், அதே டேப்பில் புது ஃபைல் வந்துவிடும். சும்மா எட்டிப் பார்த்த ஃபைலும் உண்மையில் வேலை நடக்கிற ஃபைலும் இதனால் பிரிந்துவிடுகின்றன. முப்பது டேப் சேர்வதற்குப் பெரிய காரணமே இந்த இரண்டும் கலந்து கிடப்பது. சிலருக்கு இந்த வசதி பிடிக்காமல் அணைத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

பக்கத்தில் நிற்கும் பட்டியல்

இதுவும் இடத்தை நம்புவதுதான், படுக்கையாக இருந்தது நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவே. ஆனால் கணக்கு வெகுவாக மாறுகிறது. 768 பிக்சல் உயரத் திரையில் மேல் கீழ்ப் பட்டைகளைக் கழித்துவிட்டால் 600 பிக்சலாவது மிஞ்சும். ஒரு வரிக்கு 22 பிக்சல் என்றால் இருபத்தேழு பெயர்கள் முழுசாக, ஒன்றின் கீழ் ஒன்றாக. இன்றைய திரைகள் அகலத்தில்தான் தாராளம், உயரத்தில் இல்லை. கோட் வரிகளோ பெரும்பாலும் 80 முதல் 120 எழுத்துக்குள் முடிந்துவிடும். பக்கவாட்டில் மிச்சமிருக்கும் இடத்தைப் பட்டியலுக்குக் கொடுப்பது சரியான கணக்கு.

கேட் எடிட்டரின் 'டாக்குமென்ட்ஸ்' பட்டியல், ஜீனியின் பக்கப் பட்டை, நோட்பேட்++இன் 'டாக்குமென்ட் லிஸ்ட்' எல்லாம் இந்த வகை. இன்டெல்லிஜேயில் டேப் வரிசையையே இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றி வைத்துவிடலாம். பத்து முதல் முப்பது ஃபைல் வரை ஓடுகிற வேலைக்கு, மவுஸை விட மனமில்லாதவர்களுக்கு, இதைத்தான் முதலில் சொல்வேன். ஃபோல்டர் மரமும் இதே பக்கத்தில் இடம் கேட்கும், அதுதான் சிக்கல். மரத்தை ஒரு ஷார்ட்கட்டில் மறைத்துவிட்டுத் தேவைப்படும்போது மட்டும் வரவழைத்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

பெயரைத் தட்டித் தேடுவது

பெயரை நம்புகிற வழியில் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. திறந்திருக்கிற முப்பதுக்கும், ப்ராஜெக்டில் இருக்கிற மூவாயிரத்துக்கும் ஒரே செலவுதான். டெக்ஸ்ட்மேட் எடிட்டரில் முன்பே இருந்த யோசனையை சப்லைம் டெக்ஸ்ட் 2 எடிட்டர் 'கோட்டு எனிதிங்' என்ற பெயரில் பரவலாக்கியது. கன்ட்ரோல்+பி அழுத்தி, ஃபோல்டர் பெயரில் இரண்டு எழுத்தும் ஃபைல் பெயரில் இரண்டு எழுத்தும் தட்டினால் அது வந்து நிற்கும். இடையில் எழுத்துகள் விட்டுப்போனாலும் பொருத்திப் பார்க்கும். மேலே சொன்ன ஐந்து மாடல்ஸ் ஃபைல் தொல்லை இங்கே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது, ஃபோல்டரையும் சேர்த்துத் தேடுவதால்.

இதன் வேர் இன்னும் பழையது. ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டரில் கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்திப் பிறகு பி அழுத்தினால் பஃபர் பெயர் கேட்கும். திறந்திருக்கும் ஃபைலை எடிட்டர் தன் நினைவகத்தில் வைத்திருப்பதுதான் பஃபர். பல பத்தாண்டுகளாக ஈமாக்ஸ்காரர்கள் டேப் இல்லாமல் நூறு பஃபரோடு நிம்மதியாக இருக்கிறார்கள். 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பில்தான் டேப் வரிசையே உள்ளுக்குள் சேர்ந்தது. ஒரே பெயரில் இரண்டு பஃபர் இருந்தால் முன்பெல்லாம் பெயருக்குப் பின்னால் 2 என்று எண் போடும். எந்த ஃபோல்டர் என்று அதை வைத்து யாருக்கும் தெரியாது. 24.4 பதிப்பிலிருந்து எண்ணுக்குப் பதில் ஃபோல்டர் பெயரையே போடுகிறது. சின்ன மாற்றம்தான், ஆனால் பெயரை நம்பும் வழிக்குப் பெயர் தனித்து நிற்பது உயிர்நாடி.

இப்போது வந்த ஹீலிக்ஸ் எடிட்டரும் இந்தக் கட்சிதான். டேப் மாதிரியான வரிசையை அது தானாகக் காட்டுவதில்லை, வேண்டுமென்றால் செட்டிங்கில் கேட்டு வாங்க வேண்டும். ஸ்பேஸ் அழுத்தி எஃப் என்றால் ஃபைல் தேடல், ஸ்பேஸ் அழுத்தி பி என்றால் திறந்திருக்கும் பஃபர்களில் தேடல்.

பெயர் தெரியாவிட்டால் இந்த வழி கைவிட்டுவிடும். புதிதாக ஒரு ப்ராஜெக்டில் சேர்ந்தவருக்கு எந்த ஃபைலுக்கு என்ன பெயர் என்றே தெரியாது. முதல் சில வாரங்களுக்கு அவருக்கு ஃபோல்டர் மரமும் டேப்பும்தான் துணை. அப்போது போய் 'டேப்பை அணை, கன்ட்ரோல்+பி பழகு' என்று வற்புறுத்துவது கொடுமை. பெயரே இல்லாத ஃபைல்களும் உண்டு. வாடிக்கையாளர் அனுப்பிய லாக் (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவு), யாரோ சாட்டில் போட்ட கோட் துண்டு என்று நோட்பேட்++இல் 'நியூ 1' முதல் 'நியூ 14' வரை சேவ் ஆகாமல் நிற்கிற திரையைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். அங்கே தேட என்ன இருக்கிறது? சப்லைம் டெக்ஸ்ட் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது, பெயரில்லாத ஃபைலுக்கு அதன் முதல் வரியையே பெயராகக் காட்டிவிடும். விஎஸ் கோடும் அப்படியே. எனவே மேலே ஒரு வரி தலைப்பு தட்டிவிட்டு அதன் கீழே ஒட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். மெய்யோடு ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். எடிட்டர் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால், கண்ணெதிரே இருக்கும் ஃபைல் தேடலில் வராது. தேடப் போகும்போதெல்லாம் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றுவதும் ஒரு சுற்று வேலை. ஃபைல் பெயரின் தொடக்கத்தில் 03, 04 என்று எண் போட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். அத்தியாயம் அத்தியாயமாக எழுதுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், பட்டியலிலும் வரிசை குலையாது.

கடைசியாகப் பார்த்தது

என்னைக் கேட்டால், மூன்று நினைவுகளில் வேலையின் போக்கோடு அதிகம் ஒட்டிப்போவது இந்த மூன்றாவதுதான். முப்பது ஃபைல் திறந்திருந்தாலும் ஒரு நேரத்தில் நாம் மாறி மாறிப் போய்வருவது இரண்டு மூன்றுக்குள்தான். வியூ ஃபைலைத் திருத்துகிறோம், டெம்ப்ளேட்டைப் பார்க்கிறோம், திரும்பி வருகிறோம். டெஸ்டை எழுதுகிறோம், கோடுக்குப் போகிறோம், திரும்புகிறோம். இந்தப் போய்வருதலுக்குப் பெயரும் வேண்டாம், இடமும் வேண்டாம். 'இதற்கு முன் பார்த்தது' என்று சொன்னால் எடிட்டருக்குப் புரிய வேண்டும்.

விம் எடிட்டரில் கன்ட்ரோல்+6 அதைத்தான் செய்யும், முந்தைய ஃபைலுக்கும் இதற்கும் மாறி மாறிப் போகும். ஈமாக்ஸில் பஃபர் பெயர் கேட்கும் இடத்தில் ஒன்றும் தட்டாமல் என்டர் கொடுத்தால் முந்தையதுக்குப் போகும். விஎஸ் கோடிலும் சப்லைம் டெக்ஸ்டிலும் கன்ட்ரோல்+டேப் சமீபத்தில் பார்த்த வரிசையில் நகரும், கன்ட்ரோல்+பேஜ்டவுன் திரையில் தெரிகிற வரிசையில் நகரும். இரண்டும் வேறு என்று தெரியாமலே பலர் இருக்கிறார்கள். குரோம் பிரவுசரில் கன்ட்ரோல்+டேப் இட வரிசையில் போவதால் எடிட்டரிலும் அதையே எதிர்பார்த்து, 'என்னடா இது எங்கெங்கோ தாவுகிறது' என்று செட்டிங்கை மாற்றிவிடுவார்கள். மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. இட வரிசைக்கு வேறொரு ஷார்ட்கட் இருக்கவே இருக்கிறது.

இந்த வகையில் நன்றாகச் செய்திருப்பது இன்டெல்லிஜே. கன்ட்ரோல்+இ அழுத்தினால் சமீபத்திய ஃபைல்களின் பட்டியல் வரும். மறுபடி கன்ட்ரோல்+இ அழுத்தினால் அவற்றில் நீங்கள் திருத்தியவை மட்டும் நிற்கும். பட்டியல் திறந்திருக்கும்போதே எழுத்துகளைத் தட்டினால் வடிகட்டும். அதாவது எப்போது என்ற நினைவும் பெயரும் ஒரே பெட்டியில். மூடிவிட்ட ஃபைலும் அதில் இருக்கும், அதனால் திறந்திருக்கிறதா இல்லையா என்ற கவலையே போய்விடுகிறது. இதை வைத்துக்கொண்டு டேப்பை முழுவதும் அணைத்துவிட்டு வேலை செய்ய முடியும், அதற்கான தேர்வும் செட்டிங்கிலேயே இருக்கிறது.

இதன் எல்லையும் தெரிய வேண்டும். வரிசை ஒவ்வொரு அசைவுக்கும் மாறிக்கொண்டே இருப்பதால், நான்காவது ஐந்தாவது இடத்துக்கு அப்பால் எது இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒன்பது தடவை டேப் விசையை அழுத்துவதைவிடப் பெயரைத் தட்டுவது மேல்.

நாள் முழுவதும் ஒரே நாலு ஃபைலில் வேலை என்றால் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் ஹார்பூன் என்ற ப்ளகின் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி) செய்வதைப் பார்க்கலாம். ஃபைலைக் குறித்து வைத்துவிட்டால் ஒரு விசைக்கு ஒரு ஃபைல், அது மாறவே மாறாது. இடத்தை நம்பும் வழியில் குறை எங்கே இருந்ததோ அதைச் சரியாகத் தொட்டிருக்கிறது. விஎஸ் கோடில் டேப்பைப் பின் குத்தியதுபோல் நிறுத்தி வைப்பது இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

திரையைப் பிரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஃபைலை ஒரே நேரத்தில் கண் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு மாற்று இல்லை. முப்பது ஃபைலை நிர்வகிக்க அது வழியும் இல்லை. விம் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். 2006-இல் விம் 7 கொண்டுவந்த டேப் பக்கம் ஒரு ஃபைலுக்கு ஒன்று என்று செய்யப்பட்டதில்லை, பிரித்து வைத்த விண்டோக்களின் ஓர் அமைப்பு அது. ஃபைலுக்கு ஒரு டேப் என்று அதை இழுத்துப் பயன்படுத்தினால் எல்லாமே முட்டும். ஃபைல் மாறப் பஃபர், காட்சியை மாற்ற டேப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஹிடன்' ஆப்ஷன் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் சேவ் செய்யாமல் அடுத்த பஃபருக்குப் போக விடாது. நியோவிம்மில் அது இயல்பாகவே ஆனில் இருக்கிறது.

மூட ஏன் பயம்?

எந்த வழியைத் தேர்ந்தாலும் முப்பது ஏன் சேர்கிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மூடினால் எதையோ இழப்போம் என்ற பயம்தான் காரணம். பழைய எடிட்டர்களில் அந்தப் பயம் நியாயமானது: மூடினால் அன்டூ வரலாறு போகும், கர்சர் இருந்த இடம் போகும். இப்போது அப்படி இல்லை. விம் 7.3 பதிப்பு 2010-இலேயே அன்டூ வரலாற்றை வட்டில் எழுதி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது, 'அன்டூஃபைல்' என்று ஒரு வரி போட்டால் போதும். விஎஸ் கோடில் 2022 முதல் ஒவ்வொரு சேவுக்கும் ஒரு பிரதி 'டைம்லைன்' பகுதியில் தங்குகிறது. மூடிய ஃபைலை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி மீட்டுத் தரும். இவை கையில் இருக்கின்றன என்று மனம் நம்பிவிட்டால் டேப்பை மூடக் கை கூசாது.

அதனால் ஒரே நிலையான ப்ராஜெக்டில் மாதக்கணக்கில் வேலை செய்பவருக்கு என் பரிந்துரை இது. சமீபத்திய வரிசையையும் பெயர்த் தேடலையும் முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். டேப்பை அணைக்க வேண்டாம், எண்ணிக்கைக்கு வரம்பு போடுங்கள். விஎஸ் கோடில் அந்த வரம்பை ஆனில் போட்டால் 10 என்று வரும், அதை 7 ஆக்கலாம். நெடுநேரம் தொடாத ஃபைல் தானே மூடிக்கொள்ளும், சேவ் ஆகாததை அது தொடாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்த வரம்பு வேண்டாம், கண்ணெதிரே இருந்தது தானாக மறைந்தால் குழம்பிப்போவார். அவருக்குப் பக்கப் பட்டியலைத் திறந்து கொடுங்கள், ப்ரிவ்யூ ஆனில் இருக்கட்டும். பல இடங்களிலிருந்து லாகும் கான்ஃபிகும் (அமைப்பு ஃபைல்) வந்து விழுகிற சப்போர்ட் வேலையில் ப்ராஜெக்ட் என்ற ஒன்றே கிடையாது. கன்ட்ரோல்+பி தேட ஒரு ஃபோல்டர் வேண்டும், அங்கே அது இல்லை. அந்த வேலைக்கு நோட்பேட்++உம் அதன் டாக்குமென்ட் லிஸ்டும் இன்றும் சரியான தேர்வு. ஃபைல் பெயரில் வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் சேர்த்து சேவ் செய்துவிட்டால் பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கியதும் ஒருவருடையது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.